உங்கள் வீட்டுக்குள் வெயில் எந்த வழியாக வருகிறது? கம்ப்யூட்டரிடம் கேளுங்கள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "சார், இதுக்கு ஏசி ரூம் வேணுமா?" என்பதுதான். வேண்டாம். வீட்டு கம்ப்யூட்டருக்கு நல்ல காற்றோட்டமே போதும். ஆனால் அதன் முன் உட்காருகிற உங்களுக்கு? எங்கள் கனகசெட்டிக்குளத்தில் மே மாதம் மாலை நாலு மணிக்கு, கான்கிரீட் வீட்டின் மேற்குப் பக்க அறைக்குள் நுழைந்தால் சுவரே சுடும். வயதானவர்கள் இரவெல்லாம் தூங்காமல் புரண்டு கொண்டிருப்பார்கள்.

ஏசி வாங்கக் கடைக்கு ஓடும் முன், வெயில் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கண்டுபிடித்து விடலாமே? இதற்கென சாஃப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸில் உள்ள கால்குலேட்டரும், இன்டர்நெட் இணைப்பும் போதும்.

முதலில் கூகுள் மேப்ஸ் திறந்து, உங்கள் வீட்டின் மேல் மவுஸை வைத்து ரைட் கிளிக் செய்திடவும். கிடைக்கும் மெனுவில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் உங்கள் ஊரின் அட்சரேகை. எங்கள் ஊருக்கு அது 12 டிகிரி.

சூரியன் ஜூன் 21 வாக்கில் 23.5 டிகிரி வடக்கேயும், டிசம்பர் 21 வாக்கில் அதே அளவு தெற்கேயும் செல்கிறது. ஆகவே டிசம்பர் நடுப்பகலில் நம் தலை உச்சியிலிருந்து 35.5 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். ஜூனில் 11.5 டிகிரி வடக்கே. ஏப்ரல் 22, ஆகஸ்ட் 20 வாக்கில் நேர் உச்சியில் நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. (இந்த நடுப்பகல் நம் கடிகாரத்தில் 12 மணிக்குச் சில நிமிடங்கள் கழித்தே வரும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம்.)

இப்போது கால்குலேட்டரைத் திறந்து, மெனுவில் சயின்டிஃபிக் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கோணம் டிகிரியில் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளவும். 11.5 என டைப் செய்து, ட்ரிகனோமெட்ரி பகுதியில் டேன் பட்டனை அழுத்தவும். 0.203 கிடைக்கும். இதை சன்னலின் உயரமான 4 அடியால் பெருக்கினால் 0.8 அடி. அதாவது வடக்குச் சன்னலின் மேல் ஓர் அடி சன்ஷேடு இருந்தாலே ஜூன் நடுப்பகல் வெயில் கண்ணாடியில் படாது. தெற்குச் சன்னலுக்கு 35.5 போட்டுப் பாருங்கள், 2.85 அடி வரும். மார்கழி வெயில் கொஞ்சம் உள்ளே வந்தால் யாரும் வருத்தப்படப் போவதில்லை.

மேற்குதான் வில்லன். சன்கால்க் என்ற இணையதளத்தில் உங்கள் ஊரைக் காட்டி, மே 21, மாலை 4 மணி என்று கொடுங்கள். சூரியன் அடிவானத்திலிருந்து 34 டிகிரி உயரத்தில் இருப்பதாகக் காட்டும். அப்படியானால் உச்சியிலிருந்து சாய்வு 56 டிகிரி. முன்பு செய்தபடியே கணக்கிட்டால், 4 அடி சன்னலுக்கு ஏறக்குறைய 6 அடி சன்ஷேடு வேண்டும்! (சூரியன் நேர் மேற்கில் இல்லாமல் சற்று வடக்கே இருப்பதால் சில அங்குலம் குறையும்.) இவ்வளவு நீளத்துக்கு யார் கட்டுவார்கள்?

பக்கத்து வீட்டு அண்ணன் மாடி எடுக்கும்போது, பிளானில் படுக்கையறையின் பெரிய சன்னல் மேற்கே இருந்தது. இந்தக் கணக்கைத் திரையில் காட்டினேன். மறு நாளே கொத்தனாரை அழைத்து மாடிப்படியையும் குளியலறையையும் மேற்கே தள்ளிவிட்டார். சன்னல் கிழக்கே போனது. கடற்காற்று வருவதும் அந்தப் பக்கம்தானே! ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் மேற்குச் சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ, வெட்டிவேர்த் தட்டியோ கட்டலாம். உள்ளே தொங்கும் திரை அவ்வளவு பயன் தராது. அதற்குள் வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வந்துவிடுகிறதே.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஈசிஆரில் தெற்கே போனால் புதுச்சேரி நகரத்தில் கோல்கொண்டா என்ற கட்டிடம் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதி. ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930களின் இறுதியில் தொடங்கி 1940களில் முடித்தது. ஏசி கிடையாது. நீண்ட பக்கங்கள் இரண்டும் வடக்கு, தெற்கு நோக்கியவை. அவற்றில் சன்னலுக்குப் பதிலாக, திறந்து மூடக்கூடிய கிடைமட்டத் தகடுகள் வரிசையாக இருக்கும். காற்று வரும், வெயில் வராது. கூரையும் இரட்டைக் கூரை; வளைந்த கான்கிரீட் ஓடுகள் மேலே நின்று வெயிலைத் தாங்கிக் கொள்கின்றன. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் பேப்பரில் போட்ட கணக்கு!

கூரை என்றதும் இன்னொரு கணக்கு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1,000 வாட் சக்தி விழுகிறது. 10க்கு 10 அடி அறையின் மொட்டை மாடி 9 சதுர மீட்டருக்கு மேல். ஆக, 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 9 உங்கள் தலைக்கு மேல்! எல்லாம் உள்ளே இறங்குவதில்லைதான். ஆனால் மாலையில் கூரை சுடுவதன் காரணம் இதுதான். சுருக்கி போட்டு தட்டோடு பதித்திருந்தால் நல்லது. அதன் மேல் வெள்ளை அடித்தால் வெயிலில் பெரும் பகுதி திருப்பி அனுப்பப்படும். தெலங்கானா அரசு இப்படிப்பட்ட குளிர் கூரைகளுக்கென்றே 2023இல் ஒரு கொள்கை வெளியிட்டது.

மாடியில் தகர ஷெட் போட்டால் நிழல் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும். ஆனால் 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரை கடந்தது இந்தப் பக்கம்தான். சரியாகப் பிணைக்காத தகரம் காற்றில் கத்தி போலப் பறக்கும். ஆகவே எங்கள் கடற்கரைக்கு என் ஓட்டு வெள்ளைக் கூரைக்கே. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மாடியில் நிழலுக்காகத் தொட்டிகள் வைப்பவர்கள் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்துவிடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஏசி தேவைப்பட்டால் வாங்குங்கள், சிறியதே போதுமானதாக இருக்கும். 24 டிகிரியில் வையுங்கள். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு. கம்ப்யூட்டரும் தான் எடுக்கும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாகத்தான் அறைக்குள் விடுகிறது. எழுந்து போகும்போது ஸ்க்ரீன் சேவர் ஓடவிடாமல் ஸ்லீப்பில் போடவும். மேசையை மேற்குச் சுவரை ஒட்டிப் போட வேண்டாம். சிபியூ பெட்டியைத் தரையில் வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறப்பதற்குள் மேசை மேல் ஏற்றிவிடுங்கள்.