தறி வீடும் ஆலை விடுதியும்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர்களுடைய பழைய வீடொன்றுக்குள் நுழைந்து பார்த்தால், அது வசிப்பதற்கென்று கட்டப்பட்டதா, தொழிலுக்கென்று கட்டப்பட்டதா என்று சொல்வது எளிதன்று. முன்கூடத்தின் பெரும்பகுதியைக் குழித்தறி ஆக்கிரமித்திருக்க, சமையலும் உறக்கமும் எஞ்சிய இடத்தில் ஒதுங்கி நடக்கும். கோர்வைப் புடவைக்குக் கரை கோக்க இன்னொருவர் துணை வேண்டியிருப்பதால் மனைவியோ மகனோ தறியருகே அமர்ந்திருப்பர். பாவு விரிக்கும் விடியற்காலைகளில் தெருவே தொழிற்கூடமாகிவிடும். ஜீவனமும் ஜாகையும் ஒரே கூரையின்கீழ் அமைந்த இந்த ஏற்பாட்டில் கடனும் கஷ்டமும் நிறைய உண்டு. வேலைக்குப் போய் வருவதென்னும் நித்தியப் பிரயாணம் மட்டும் கிடையாது.

அந்தப் பிரயாணம் இந்த ஜில்லாவின் வாழ்க்கையில் புகுந்து ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆகின்றன. காஞ்சியை அடுத்த முசரவாக்கம் போன்ற சிற்றூர்க்காரர்களுக்கு இன்று பட்டைப் போலவே ‘கம்பெனி’ என்ற சொல்லும் பழகிப்போயிற்று. கம்பெனி என்றால் ஸ்ரீபெரும்புதூர். அதைச் சார்ந்த இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய தொழிற்பேட்டைகள்.

ஸ்ரீபெரும்புதூர் 1017இல் ராமாநுஜர் அவதரித்த ஸ்தலமென்று வைஷ்ணவர்களால் போற்றப்படுவது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் ஏரிப் பாசனத்து நெல்வயல்களுமே நெடுங்காலம் அதன் அடையாளங்களாக இருந்தன. சென்னைத் துறைமுகம் அருகிலிருப்பதும், பெங்களூர் நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுச் செல்வதும், நிலம் எடுத்துத் தர சிப்காட் என்னும் அரசு ஸ்தாபனம் முன்வந்ததும் சேர்ந்து அந்த அடையாளத்தை மாற்றின. இருங்காட்டுக்கோட்டையில் 1996இல் கால் ஊன்றிய ஹூண்டாய் 1998இல் கார்களை வெளியிடத் தொடங்க, கண்ணாடிக்குச் செயின்ட் கோபெய்னும், கைப்பேசிக்கு நோக்கியாவும், மின் சாதனங்களுக்குச் சாம்சங்கும், ஐபோன்களைக் கோக்க ஃபாக்ஸ்கானும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன.

யந்திரங்களுக்கு வேண்டிய நிலம், நீர், மின்சாரம், சாலை ஆகிய அனைத்தும் முன்கூட்டியே யோசிக்கப்பட்டன. யந்திரத்தை இயக்கும் மனிதர் இரவில் எங்கே படுப்பார் என்ற கேள்விதான் வெகுகாலம் எவருடைய திட்டத்திலும் பிரதானமாக இடம்பெறவில்லை. அந்தக் குறையை உள்ளூர்க்காரர்கள் தமக்குத் தெரிந்த வகையில் நிரப்பினார்கள். வயல்கள் மனைகளாயின, ஓட்டு வீட்டின் கொல்லையில் வரிசையாக அறைகள் எழுந்தன, வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகளும், பின்னர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களும், அட்வான்ஸையும் வாடகையையும் பங்கிட்டுக்கொண்டு ஓரறையில் பலராகக் குடியேறினர். பகல் ஷிஃப்ட்டுக்குப் போனவருடைய பாயில் இரவு ஷிஃப்ட்டிலிருந்து திரும்பியவர் படுக்கும் வழக்கமும் இவ்விதமே உண்டாயிற்று. வாடகையை நம்பிக் கடன் வாங்கி மாடி எழுப்புகிறவருடைய வாழ்வும் ஆலையின் வாழ்வோடு பிணைந்ததே. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டபோது, வேலையிழந்த ஆயிரக்கணக்கானோருடன் அவர்களை நம்பியிருந்த அறைகளும் கடைகளும் வெறிச்சோடின.

தொழிலாளர் இருப்பிடத்தை இப்படித் தனியாரிடம் விட்டுவைத்ததன் விளைவு 2021 டிசம்பரில் நாடறிய வெளிப்பட்டது. ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற, அவர்களுடைய தோழிகள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். ஆலையும் சில வாரங்கள் மூடிக் கிடந்தது. சம்பள உயர்வன்றிச் சோறும் இருப்பிடமுமே இந்தப் போராட்டத்தின் காரணங்களாயின என்பது கவனிக்கத்தக்கது.

வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் எழுப்பி, 2024 ஆகஸ்டு 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்த பெண்கள் குடியிருப்பை இந்தப் பின்னணியில்தான் மதிப்பிட வேண்டும். பதின்மூன்று கட்டடங்களில், அறைக்கு ஆறு பேர் வீதம் 18,720 பேர் தங்கலாம்; ஒரு நகரத்தின் ஜனத்தொகைக்கு ஈடான எண்ணிக்கை இது. பாதுகாப்பையும் சுத்தமான உணவையும் ஓரிடத்தில் உறுதிப்படுத்த முனைந்த இம்முயற்சி பாராட்டுக்குரியது என்பதில் ஐயமில்லை. எனினும், அங்கே தங்குவதற்கு ஆலையில் வேலை இருக்க வேண்டும். மணமாகிக் குடும்பம் வைப்பவளுக்கு அந்த அறை பொருந்தாது. ஆகவே சில ஆண்டுகள் உழைத்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்புவதே பலருடைய கதியாகிறது.

நெசவாளனுடைய வீட்டைத் தொழிலே அமைத்துக்கொண்டது. ஆலைத் தொழிலாளிக்கு அந்த வசதி இல்லாததால், இருப்பிடத்தைத் தருகிற கடமை ஆலைக்கும் அரசுக்கும் உரியதாகிறது. இனி அமையும் பேட்டைகளில் ஆலைகளுக்கென்று நிலம் அளக்கிற அன்றே, குடும்பங்களுக்கான சிறு வீடுகளுக்கும், பள்ளிக்கும், மருத்துவமனைக்கும், சந்தைக்கும் சேர்த்து அளந்துவிடுவது உத்தமம். பின்னால் நிலம் விலையேறிய பிறகு அதைச் செய்வது எவருக்கும் சாத்தியப்படாது என்பதை ஸ்ரீபெரும்புதூர் கற்பித்துவிட்டது.