முட்டையின் மூச்சும் புற்றுநோய் வதந்தியும்

உடலில் ஆக்சிஜன் குறைந்து அமிலத்தன்மை கூடுவதே புற்றுநோய்க்குக் காரணம் என்று நிறுவிய ஓட்டோ வார்பர்க்குக்கு 1931-இல் நோபல் பரிசு கிடைத்ததாகவும், மருத்துவ உலகம் அதை மறைத்துவிட்டதாகவும் ஒரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி தலைகாட்டுகிறது. வார்பர்க் அந்த ஆண்டில் நோபல் பரிசு பெற்றது உண்மை. ஆனால், அது புற்றுநோய்க்காக அல்ல. சுவாச நொதியின் இயல்பையும் அது செயல்படும் விதத்தையும் கண்டறிந்ததற்காக. இரண்டும் எப்படிக் கலந்தன என்பதைப் புரிந்துகொள்ள, அவர் ஆய்வைத் தொடங்கிய கடல் முள்ளெலியின் முட்டையிலிருந்து வருவதே சரியான வழி என்று நினைக்கிறேன்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் கடற்கரையில் 19-ஆம் நூற்றாண்டிலேயே நிறுவப்பட்ட விலங்கியல் ஆய்வு நிலையத்துக்கு, ஹைடல்பெர்க்கில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த வார்பர்க் சென்றார். கடல் முள்ளெலி தன் முட்டைகளை நீரிலேயே வெளியிடுகிறது. இலட்சக்கணக்கில் கிடைக்கும் அம்முட்டைகளோடு ஒரு குவளைக் கடல்நீரில் விந்தணுக்களைக் கலந்தால், அனைத்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கருவுறும்; ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒன்றாகவே இரண்டாகப் பிளக்கும். ஓய்ந்திருந்த செல் பிரியத் தொடங்கும்போது என்ன நிகழ்கிறது என்று கேட்பவருக்கு இதைவிட வசதியான உயிர்ப்பொருள் அரிது.

கருவுற்ற முட்டைகள் கருவுறாதவற்றைவிடச் சுமார் 6 மடங்கு ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதாக வார்பர்க் 1908-இல் அறிவித்தார். பிரிவதற்கு ஆற்றல் வேண்டும், ஆகவே எரிப்பும் கூடுகிறது என்று எவருக்கும் தோன்றும். அளவீடு சரியானதே, அதன் பொருள்தான் பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் மாறியது.

கருவுற்ற முதல் சில நிமிடங்களில் திடீரென எழும் ஆக்சிஜன் நுகர்வின் பெரும்பகுதி சுவாசத்துக்குச் செல்வதில்லை என்று 1970-களில் தெரியவந்தது. முட்டையில் உள்ள ஒரு நொதி அந்த ஆக்சிஜனை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. நம் வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்ல உருவாக்கும் அதே பொருள்தான் இது. மற்றொரு நொதி அதைக்கொண்டு, முட்டையைச் சுற்றி எழும்பும் உறையின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுகச் செய்கிறது. வேறு விந்தணுக்கள் நுழையாமலும் கரு சிதையாமலும் காக்கும் கவசம் அது. வேகமாக மூச்சு வாங்குவதுபோல் தெரிந்தது, பெரும்பாலும் கதவை அடைக்கும் வேலை!

அதற்காகச் சுவாசத்துக்கும் செல் பிரிவுக்கும் தொடர்பில்லை என்றாகிவிடாது. உறை இறுகிய பின்னும் முட்டையின் சுவாசம் முன்பைவிட மிகுந்தே இருக்கிறது; சயனைடு கொண்டு அதைத் தடுத்தால் பிரிவு நின்றுவிடுகிறது. ஆனால், எப்போது பிரிய வேண்டும் என்று முடிவு செய்வது சுவாசம் அல்ல. 1982-இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில், இதே முள்ளெலி முட்டைகளில், ஒவ்வொரு பிரிவுக்கு முன்பும் சேர்ந்து பிரிவின்போது மறைந்துவிடும் ஒரு புரதத்தை டிம் ஹன்ட் கண்டார். சைக்ளின் எனப் பெயரிடப்பட்ட அதற்காக 2001-இல் அவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

வார்பர்க்கின் பரிசுக்குரிய ஆய்வு வேறு. கார்பன் மோனாக்சைடு செல்லின் சுவாசத்தை இருளில் தடுக்கிறது. ஒளி பட்டால் அத்தடை விலகுகிறது. எந்த நிற ஒளி எவ்வளவு விலக்குகிறது என்று அளந்தே, சுவாச நொதி இரும்பு கொண்ட, இரத்தச் சிவப்பின் உறவுடைய பொருள் என்று அவர் காட்டினார். நொதியைப் பிரித்தெடுக்காமலேயே அதை அடையாளம் கண்ட அந்தச் சோதனையின் அழகு இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

புற்றுநோய் இதற்கிடையில் வந்தது. வேகமாகப் பெருகும் கட்டியும் கருவுற்ற முட்டைபோல ஆக்சிஜனை மிகுதியாக எடுக்கும் என்று 1920-களில் அவர் எதிர்பார்த்தார். மாறாக, ஆக்சிஜன் போதிய அளவு இருந்தும் அச்செல்கள் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக நொதிக்கச் செய்தன. இதுவும் சரியான அளவீடு. ஆனால், சுவாசம் பழுதானதே புற்றுநோயின் மூலம் என்று அவர் முடிவு கட்டினார். 1966-இல் லிண்டாவ் நகரில் ஆற்றிய உரையிலும் அதையே வலியுறுத்தினார். வதந்தியின் வேர் இந்த உரையில் இருக்கிறதே தவிர, பரிசில் இல்லை. பெரும்பாலான புற்றுச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே இயங்குகிறது என்பது இன்று தெரியும். அவற்றின் குளுக்கோஸ் பசி மட்டும் உண்மை. கட்டியைத் தேடும் ‘பெட்’ ஸ்கேன் அதைக்கொண்டுதான் இயங்குகிறது.

அதிலிருந்து சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியால் சாகும் என்று தாவுவது ஆபத்தானது. சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸை உருவாக்கி இரத்தத்தில் விட்டுக்கொண்டேயிருக்கும். காரத்தன்மை கொண்ட நீரைக் குடித்தாலும் இரத்தத்தின் பிஎச் அளவை நுரையீரலும் சிறுநீரகமும் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில்தான் நிறுத்தும். இந்தச் செய்தியை நம்பி உணவைக் குறைத்துக்கொள்ளும் நோயாளி முதலில் இழப்பது தன் உடல் எடையையும் தசையையும். கீமோதெரபியைத் தாங்க அவருக்கு அவை இரண்டும் வேண்டும்.