மலைப்பாதைக்கு ஏற்ற சப்பாத்து: பார்த்து வாங்குவோம்

பதுளை மாவட்டத்துத் தோட்டப் பெண்களின் நாள் நடையில்தான் தொடங்குகிறது. லயத்திலிருந்து பிரட்டுக்களம், அங்கிருந்து கொழுந்து மலை, பிறகு கொழுந்து நிறுக்கும் இடம், மாலையில் கடை, பிள்ளையின் பாடசாலை, ஆஸ்பத்திரி. பசறை, நமுனுகுல, மடுல்சீமை, லுணுகலை, ஹாலிஎல, ஹப்புத்தளை என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே நடையில் நாலு வகைத் தரையை மிதிக்க வேண்டும். தார் வீதி, கருங்கல் பாதை, களிமண் சறுக்கு, ஈரப்புல் மூடிய குறுக்குப்பாதை. இத்தனைக்கும் காலில் இருப்பது பெரும்பாலும் ஒரு ரப்பர் பாட்டாதான்.

இதை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கும் நடையின் வலி தெரியும். 1977, 1983 வன்செயல்களில் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன குடும்பங்களும், 2009 இல் வன்னியில் செருப்பு அறுந்த பிறகும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த தாய்மாரும் நம்மிடையே இருக்கிறார்கள். கால் ஓய்ந்தால் குடும்பமே ஓய்ந்துவிடும். அந்தக் காலுக்கு நாம் என்ன வாங்கிக் கொடுக்கிறோம்?

வெறுங்கால் கொடுத்த நோய்

கொக்கிப்புழுவின் குஞ்சுகள் அசுத்தமான ஈரமண்ணிலிருந்து பாதத்தின் தோல் வழியாக உடம்புக்குள் போகின்றன. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகின்றன. இதனால் வரும் இரத்தச்சோகை அந்நாளில் தோட்ட மக்களைப் பெரிதும் வாட்டியது. அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் 1916 இல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மலசலகூடமும் மருந்தும் நிலைமையை வெகுவாக மாற்றின. ஆனாலும் எலிக்காய்ச்சல் கிருமி இன்றும் காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாகவும் சேற்றுநீரிலிருந்து ஏறுகிறது. அட்டைக்கடியும் கண்ணாடித்துண்டும் இதற்கு மேல். பாதத்தை மூடுவது ஆடம்பரமல்ல, சுகாதாரம்.

வெளிநாட்டவர் அணிவது என்ன?

இப்போது இதே பாதைகளில் உல்லாசப் பயணிகள் நடக்கிறார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் ‘பீகோ டிரெயில்’ என்ற நடைபாதை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. 22 கட்டங்களைக் கொண்ட இப்பாதை ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை, ஹாலிஎல வழியாகவும் செல்கிறது. வழி பழைய தோட்டப் பாதைகள்தான். சும்மா நடக்க வருபவர் பிடிமானமுள்ள சப்பாத்தோடு வருகிறார். கொழுந்து மூட்டையோடு இறங்கும் நம் சகோதரி வழுக்கும் செருப்போடு இறங்குகிறாள்.

அவர்களில் பலர் அணிவது ‘டிரெயில் ரன்னிங்’ சப்பாத்து, அதாவது மலைப்பாதையில் ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. பாரம் குறைவு. அடியில் பற்கள் போன்ற ரப்பர் முனைகள். முன்விரல் பகுதியில் கல் அடிபடாமல் ஒரு காப்பு. விலை உயர்ந்த பெயர் நமக்குத் தேவையில்லை. அதன் குணங்களைத் தெரிந்துகொண்டால் சாதாரணக் கடையிலும் பொருத்தமானதைத் தேடி எடுக்கலாம்.

மெக்சிக்கோவின் மலைவாழ் ரராமுரி இனத்துப் பெண் லொரேனா ராமிரெஸ் 2017 இல் 50 கிலோமீற்றர் மலையோட்டம் ஒன்றில் பெண்களில் முதலிடம் பெற்றார். பாவாடையோடும், டயர் ரப்பரில் செய்த செருப்போடும் ஓடினார். ஆனால் அந்தச் செருப்பு கணுக்காலைச் சுற்றி வாரால் இறுகக் கட்டப்பட்டது. நம் பாட்டாவில் குதிக்காலைப் பிடிக்க எதுவுமில்லை. விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடக்கிறோம். இறக்கத்தில் கால் முன்னால் போகும், செருப்பு பின்னால் நிற்கும். சப்பாத்து வாங்க வசதியில்லாதவர்கள் குறைந்தது குதிக்காலைச் சுற்றிப் பட்டி உள்ள செருப்பையாவது எடுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

அளவு: பின்னேரத்தில் போய் வாங்குங்கள். நாள் முழுதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. இரண்டு காலிலும் போட்டு, பெரிய காலுக்கு ஏற்றதை எடுங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் இடித்துக் கறுத்துப்போகும். நீங்கள் போடப்போகும் மேசோடு சேர்த்தே போட்டுப் பாருங்கள்.

அகலம்: வெறுங்காலோடு வளர்ந்தவர்களின் பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். ஒடுங்கிய பெண்கள் சப்பாத்து அழுத்தினால் ஆண்கள், பையன்கள் பகுதியில் தேடுவதில் வெட்கமில்லை.

அடி: கலப்புத் தரைக்கு முனைகள் மூன்று முதல் ஐந்து மில்லிமீற்றர் வரை போதும். முனைகளுக்கிடையே இடைவெளி இருந்தால் களிமண் ஒட்டாமல் உதிரும். மென்மையான ரப்பர் ஈரக்கல்லில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் தார் வீதியில் சீக்கிரம் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஈரக்கல்லில் சறுக்கும். உங்கள் வழியில் எது அதிகமோ அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வளைவு: கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் வேண்டாம். குதிக்கால் பகுதியை அழுத்தினால் உறுதியாக நிற்க வேண்டும்.

மேல்பகுதி: வலைத்துணி தண்ணீரை வெளியே விட்டுச் சீக்கிரம் காயும். ஆனால் தேயிலைச் செடிக்குள் கிளை பட்டுக் கிழியும். நெருக்கமான துணியும் முன்னால் ரப்பர் காப்பும் உள்ளது நம் வேலைக்கு நல்லது. கம்பூட்ஸ் மழைக்கு உதவும், ஆனால் நெடுந்தூர நடைக்குப் பாரமானது, வியர்வை தங்கும்.

பழையதை வாங்கும்போது: நடைபாதைக் கடைகளில் பாவித்த சப்பாத்துகள் மலிவாகக் கிடைக்கும். பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் சிலவகை நுரை அடி, ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்தே இற்றுவிடும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பொடிந்தால், ஒட்டும் பிசினாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

காயம்பட்ட கால்களுக்கு

செல் துண்டு பட்ட தழும்பு, உணர்வு குறைந்த பாதம், நீரிழிவு உள்ளவர்கள் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும். உள்தையல் தழும்பில் உரசக்கூடாது. புதுச் சப்பாத்தை முதல் நாள் அரைமணி நேரம் போட்டுக் கழற்றி, சிவந்த இடம் உண்டா என்று பாருங்கள். காலால் உணர முடியாததைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

செயற்கைக்கால் அணிபவர்களுக்கு முக்கியமானது குதியின் உயரம். கால் எந்தக் குதி உயரத்துக்குச் சரிசெய்யப்பட்டதோ, சப்பாத்தும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். மாறினால் முழங்காலும் இடுப்பும் வலிக்கும், விழவும் கூடும். 1968 இல் இந்தியாவில் உருவான ஜெய்ப்பூர் கால், வெறுங்காலோடும் நடக்கும்படி செய்யப்பட்டது. ஆனால் எல்லாச் செயற்கைக்கால்களும் அப்படியல்ல. யாழ்ப்பாணத்தில் 1987 இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிறுவனம் போல, உங்களுக்குக் கால் பொருத்திய இடத்துக்குச் சப்பாத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நெடுநாள் உழைக்க

ஓட்டக்காரர்கள் ஒரு சோடி 500 முதல் 800 கிலோமீற்றர் தாங்கும் என்று கணக்கு வைப்பார்கள். நாளுக்கு ஆறு கிலோமீற்றர், மாதம் 25 நாள் நடந்தால் 150 கிலோமீற்றர். ஓட்டத்தைவிட நடையில் உள்நுரை மெதுவாகவே அமுங்கும், ஆகவே இன்னும் சில மாதம் கூடுதலாக வரும்.

வந்தவுடன் சேற்றைக் கழுவி, உள்ளே பத்திரிகைத்தாளைத் திணித்து நிழலில் காயவிடுங்கள். அடுப்படியில் வைத்தால் பசை இளகி அடி விட்டுவிடும். புதிதிலேயே தைப்பவரிடம் கொடுத்து அடியைச் சுற்றித் தைத்துக்கொண்டால் ஆயுள் கூடும். அட்டைக்கு நெருங்கிய இழையுள்ள நீளமேசு போட்டு, அதன்மேல் சவர்க்காரம் பூசலாம்.

பணத்துக்கு என்ன வழி? 2024 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் ஒரே தடவையில் நல்ல சப்பாத்து வாங்குவது எளிதல்ல. பத்துப் பேர் சேர்ந்து சிறு சீட்டுப் போட்டு, மாதம் இருவருக்கு என்று வாங்கலாம். மொத்தமாக எடுத்தால் கடைக்காரரிடம் விலை பேசவும் முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறுந்துபோகும் செருப்புக்கு வருடத்தில் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று ஒருதரம் கூட்டிப் பாருங்கள்.

“சேலைக்குச் சப்பாத்தா?” என்று சிரிப்பவர்கள் இருப்பார்கள். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததை நாம் மறக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் எச்சரிக்கை வந்து இரவில் பிள்ளைகளோடு இறங்க நேர்ந்தால், வழுக்காத சப்பாத்து உயிருக்கும் துணை. அதை வாசலருகே எடுக்கத் தோதாக வையுங்கள். பிள்ளையின் சப்பாத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் சப்பாத்தும் இருக்கட்டும்.