பந்து பட்ட தலையும் பார்க்கும் கண்ணும்

2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் தேதி. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஷஸ் டெஸ்ட். 80 ஓட்டங்கள் எடுத்து ஆடிக்கொண்டிருந்த ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில், காதுக்குச் சற்றுக் கீழே, ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து வந்து தாக்கியது. மணிக்கு சுமார் 148 கிலோமீட்டர் வேகம். மனிதர் அப்படியே தரையில் சாய்ந்தார். டெலிவிஷனில் பார்த்த நம்மில் பலருக்கு, 2014-இல் சிட்னியில் பந்து பட்டு உயிரிழந்த ஃபிலிப் ஹியூஸின் நினைவு வந்திருக்கும்.

ஸ்மித் எழுந்து உள்ளே போனார். டாக்டர் சோதித்தார், சோதனையில் தேறிவிட்டார். ஒரு மணி நேரம் ஆவதற்குள் மறுபடி களத்தில் இறங்கி, 92-இல் ஆட்டமிழந்தார். ஆனால் மறுநாள் காலை எழுந்தபோது தலைவலி, ஒருவித மந்தம். அதன்பின் அவரை ஆட்டத்திலிருந்து விலக்கி, அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேனை இறக்கினார்கள். கன்கஷன் காரணமாக டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கிய முதல் மாற்று ஆட்டக்காரர் அவர்தான். அந்த விதியே அம்மாதம் முதல் தேதிதான் அமலுக்கு வந்திருந்தது.

முதல் நாள் சோதித்த டாக்டரைக் குறை சொல்வதற்கில்லை. இந்தக் காயத்தின் சுபாவமே அப்படி.

கன்கஷன் என்பதை மூளை அதிர்ச்சி என்று சொல்லலாம். நம் மூளை சுமார் 1,400 கிராம் எடையுள்ள மிருதுவான பொருள். மண்டை ஓட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. ஓடும் வண்டி சடக்கென்று பிரேக் போட்டால் உள்ளே நிற்கும் பிரயாணிகள் முன்னால் சாய்கிறார்கள் அல்லவா? தலை திடீரென்று நிற்கும்போதோ சுழலும்போதோ மூளைக்கும் அதே கதிதான். அதனுள்ளே ஓடும் மெல்லிய நரம்பு இழைகள் இழுபட்டு, சில நாட்களுக்குச் சரியாக வேலை செய்வதில்லை. தலையில் நேராக அடி விழ வேண்டும் என்பதுகூட இல்லை. கழுத்திலோ உடம்பிலோ பட்ட அடி தலையை உலுக்கினால் போதும். பெரும்பாலோர் நினைவு இழப்பதும் இல்லை. "மயக்கம் போட்டானா? இல்லையே! அப்படியானால் ஒன்றுமில்லை" என்று நாம் சொல்லும் சமாதானம் அடிப்படையிலேயே தவறு.

ஸ்கேன் எடுத்தால் தெரியாதா? சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவைக் காட்டும், ரத்தக் கசிவைக் காட்டும். அவை இருக்கின்றனவா என்று பார்க்க அது மிக அவசியம். ஆனால் இழுபட்ட இழைகள் அதில் தெரியாது. கன்கஷன் ஆனவரின் ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்.

ஆகவே ஆட்டக்களத்தின் ஓரத்தில் டாக்டர்கள் கேள்வி கேட்டுத்தான் பார்க்கிறார்கள். எந்த மைதானம், யார் கடைசியாக அடித்தார், பத்துச் சொற்களைத் திருப்பிச் சொல், மாதங்களைத் தலைகீழாகச் சொல், ஒற்றைக் காலில் நில். நல்ல சோதனைகள்தான். ஆனால் தலை வலிக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆட்டக்காரர். ரயில்வேயில் வண்டி நின்றதும் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்பார்கள். சக்கரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. அணியில் இடம் போய்விடுமோ என்று பயப்படும் பதினெட்டு வயதுப் பையனுக்கு நன்றாகத் தெரியும்.

இங்குதான் கண் வருகிறது. நகரும் பொருளை நாம் பார்க்கும்போது கண் அதன் பின்னால் ஓடுவதாக நினைக்கிறோம். உண்மையில் கண்ணில் பட்டதை மூளை உணர்ந்து கண்ணைத் திருப்ப ஏறக்குறைய விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். பின்னாலேயே துரத்தினால் கண் எப்போதும் பிந்தியே இருக்கும். ஆகையால் பொருள் அடுத்து எங்கே இருக்கும் என்று மூளை கணக்கிட்டு, கண்ணை அந்த இடத்துக்கே அனுப்புகிறது. இந்தக் கணக்கில் மூளையின் பல பகுதிகள் சேர்ந்து பங்கு கொள்கின்றன. அவற்றை இணைக்கும் இழைகள் பழுதானால் கணக்குப் பிசகும். கண் ஒரு கணம் பிந்தும், மறு கணம் தாவும்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நரம்பியல் அறுவை நிபுணர் ஜாம்ஷித் கஜார் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தவர். அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த கருவிக்கு ஐ-சிங்க் என்று பெயர். வர்ச்சுவல் ரியாலிட்டி விளையாட்டுக்குப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் பெரிய கண்ணாடிதான். உள்ளே திரையில் ஒரு புள்ளி வட்டமாகச் சுற்றும். ஆட்டக்காரர் தலையை அசைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கருவிழியில் பாய்ச்சி, சிறு காமிராக்கள் பார்வை எங்கே நிற்கிறது என்று இடைவிடாமல் பதிவு செய்கின்றன. ஒரு நிமிஷத்துக்குள் வேலை முடிந்துவிடும். நல்ல நிலையில் இருப்பவரின் பார்வை புள்ளியோடு ஒட்டிச் சுற்றும். பாதிக்கப்பட்டவரின் பார்வைத் தடம் வட்டத்தைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும்.

கண்ணாடி எதற்கு, கம்ப்யூட்டர் திரையில் காட்டினால் போதாதா என்று கேட்கலாம். மைதானத்தில் வெயில், கூட்டம், கூச்சல். கண்ணாடி அணிந்துவிட்டால் வெளிச்சமும் வேடிக்கையும் மறைந்துவிடும். கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரமும் மாறாது. ஆய்வுக்கூடத்தில் மோவாயைத் தாங்கியில் வைத்துச் செய்த சோதனையை மைதானத்தின் ஓரத்துக்கே கொண்டுவந்தது இந்த ஏற்பாடுதான். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுவே.

ஆனால் இதைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2016-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி தந்தபோது, கண்ணசைவைப் பதிவு செய்து அதிலுள்ள குறையைக் கண்டறிய உதவும் கருவி என்றே தந்தது. தூக்கமின்மை, களைப்பு, மது, கவனக் குறைபாடு எல்லாமே பார்வையைத் தடுமாற வைக்கும். எனவே சீசன் தொடங்கும் முன்பே, தலை நன்றாக இருக்கும்போது ஒரு பதிவு எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட வசதி. புதுப் பாலத்தின் மீது வண்டியை நிறுத்தித் தொய்வை அளந்து வைப்பது போல. முன்பதிவு இல்லாமலே உதவக்கூடிய ஐபாக்ஸ் என்ற வேறொரு கருவிக்கு 2018 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அதில் கண்ணாடி இல்லை. ஓடும் படத்தைச் சில நிமிஷங்கள் பார்த்தால் போதும். எதுவானாலும் முடிவு டாக்டருடையது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் என் பேரன். சென்ற ஆண்டு மைதானத்திலிருந்து வந்தவன், "பந்து லேசா பட்டுது, ஒண்ணுமில்லே தாத்தா" என்றான். இரவு சாப்பிட உட்கார்ந்தபோது விளக்கை அணைக்கச் சொன்னான். கண் கூசியதாம். மறுநாள் ஸ்கேன் சுத்தமாக வந்தது. "ஸ்கேனில்தான் ஒன்றுமில்லையே, ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு அனுப்பலாமா?" என்று டாக்டரிடம் கேட்ட புத்திசாலி நான்தான்! அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஆறாத மூளையில் இரண்டாவது அடி பட்டால் என்ன ஆகும் என்று பொறுமையாகச் சொன்னார். சிறுவயதினருக்கு அது, அபூர்வமாக என்றாலும், மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

நம் காலனி மைதானங்களில் இந்தக் கண்ணாடி இல்லை. பட்டவனை அன்றைக்கு மறுபடி ஆடவிடாமல் இருப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வலிப்பு, குழறல், எழுப்பினாலும் விழிக்காத தூக்கம் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. மற்றபடி ஓரிரு நாள் ஓய்வு, டெலிபோனும் டி.வி.யும் குறைவு, பிறகு நடை, பள்ளிக்கூடம், கடைசியில்தான் பந்து. ஸ்மித்தும் அடுத்த டெஸ்டில் ஆடவில்லை. அதற்கடுத்து மான்செஸ்டரில் இறங்கி 211 அடித்தார். என் பேரன் இதைக் கேட்டபிறகுதான் ஓய்வுக்குச் சம்மதித்தான்.