ப்ரூக்ஸ் அருவி: தூண்டில்காரர்கள் வழிவிட்ட ஆறு

அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் உள்ள ப்ரூக்ஸ் முகாமுக்குச் சாலை கிடையாது. மிதவை விமானத்திலோ படகிலோ வந்து இறங்குகிறவர்களை ரேஞ்சர்கள் முதலில் உட்காரவைத்து, கரடி எதிரே வந்தால் எப்படி ஒதுங்குவது என்று பாடம் நடத்துகிறார்கள். அதற்குப் பிறகுதான் ஆற்றைப் பார்க்கலாம்.

இரண்டு ஏரிகளை இணைக்கும் இந்தச் சிற்றாற்றின் கரையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பழங்குடியினர் சால்மன் பிடித்து வாழ்ந்திருக்கிறார்கள். கட்மாய் 1918இல் பாதுகாக்கப்பட்டதோ கரடிக்காக அல்ல, 1912இல் வெடித்த நோவாரப்டா எரிமலையின் சாம்பல் நிலத்துக்காக. 1931இல் எல்லையை விரித்தபோதுதான் ஆறும் அதற்குள் வந்தது.

1950இல் ரே பீட்டர்சன் என்பவர் இங்கே முகாம் அமைத்தபோது, வந்தவர்கள் தூண்டில்காரர்கள். அப்போது ஆற்றில் கரடியைப் பார்ப்பதே அரிது. பிறகு வந்த கரடிகளில் சில முகாமின் குப்பைமேட்டைக் கிளறிப் பழகின. மீனுக்கும் மனிதன் உதவ நினைத்தான்: ஆற்றிலுள்ள ஆள் உயர ப்ரூக்ஸ் அருவியைத் தாண்டச் சிரமப்படுமே என்று பக்கத்தில் 'மீன் ஏணி' கட்டினான். துள்ளியே ஏறிவிடும் சால்மனுக்கு அது தேவைப்படவில்லை. பின்னாளில் ஏணியை மூடிவிட்டார்கள்.

இன்று நிலைமை வேறு: ஜூலை மாதத்தில், அருவியில் ஒரே நேரத்தில் 25 பழுப்புக் கரடிகள் வரை நின்றதுண்டு. மனிதர்களுக்கோ உயரமான மரமேடை. அருவியைப் பார்க்கும் மேடையில் ஒரு தடவைக்கு 40 பேருக்குத்தான் இடம். கூடாரமிடும் இடத்தைச் சுற்றி மின்வேலி, உணவுக்குத் தனி அறை. தூண்டில்காரர்கள் இன்னும் வருகிறார்கள். கரடி நெருங்கும்போது மீன் சிக்கியிருந்தால், தூண்டில் நரம்பை அறுத்துவிட்டு விலக வேண்டும். 2012 முதல் நேரலை கேமராக்கள் அருவியை உலகுக்குக் காட்டுகின்றன. எது மிகக் கொழுத்த கரடி என்று 2014இல் தொடங்கிய வாக்கெடுப்பு, இப்போது ஆண்டுதோறும் நடக்கும் திருவிழா.

கரடிகள் பெருகியதற்கு மனிதனின் ஒதுக்கம் மட்டும் காரணமல்ல. ஆற்று நீர் கடைசியில் போய்ச் சேரும் பிரிஸ்டல் விரிகுடாவில் சால்மன் மீன்பிடிப்பு பெரும் தொழில். அங்கே ஆறேறும் மீன்களைக் கோபுரத்திலிருந்து எண்ணி, முட்டையிடப் போதிய அளவு மேலே போவதை உறுதிசெய்தபடிதான் வலைகளுக்கு நேரம் ஒதுக்குகிறார்கள். அருவியில் கரடிக்குக் கிடைக்கும் பங்கு, கீழே வலைக்காரர்கள் விட்டுவைக்கும் மீனில்தான் இருக்கிறது.