கட்டை மாற்றிய காலமும் தட்டிப் பார்க்கும் காலமும்

ஒரு பழைய பைபர் படகு விலைக்கு வருகிறது என்றால் புதுச்சேரிக்குத் தெற்கே மணப்பட்டு, மூர்த்திக்குப்பம், பன்னித்திட்டு, நரம்பை என்று கரையோடு கரையாகப் பேச்சு போய்விடும். மீன் ஏலம் விடும் இடத்திலும் டீக்கடையிலும் அதே சங்கதிதான். விசாரித்து வருகிறவர் பெரும்பாலும் இன்னொருவர் படகில் பங்குக்குப் போகிறவர். பிறத்தியார் வலையை இழுத்து இழுத்துக் கை காய்த்தவர், இனி சொந்தப் படகு என்று முடிவு செய்திருப்பார். கையில் இருப்பது மனைவியின் நகையை அடகு வைத்த பணம், மகளிர் குழுக் கடன், மச்சான் கொடுத்த கைமாற்று.

புதுப்படகு அவருக்கு எட்டாது. 2020இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவில், பாரம்பரிய மீனவர் பழைய படகை மாற்றிப் புதுப்படகும் வலையும் வாங்குவதற்கு வைத்திருக்கும் அலகுத் தொகை 5 லட்சம் ரூபாய். பொதுப் பிரிவினருக்கு மானியம் 40 சதவீதம், பட்டியல் இனத்தவருக்கும் பெண்களுக்கும் 60 சதவீதம். 40 சதவீதம் என்றால் 2 லட்சம் கிடைக்கும். மீதி 3 லட்சத்தை அவரேதான் புரட்ட வேண்டும். அதுவும் ஏற்கெனவே படகு வைத்திருப்பவருக்கான உதவி. முதல்முறையாகச் சொந்தப் படகு தேடுகிறவர் பழையதைத்தான் பார்க்கிறார்.

கட்டுமரக் காலத்தில் பழையதை வாங்குவது இத்தனை பயமாக இருந்ததில்லை. கனமில்லாத மரங்களைச் செதுக்கி, மூன்று முதல் ஏழு கட்டை வரை வரிசையாகச் சேர்த்து, இரண்டு முனையிலும் குறுக்குக் கட்டை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்க் காயப் போடுவார்கள். மெட்ராஸ் மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் எழுதியபோது இந்தக் கரையின் கட்டுமரத்தையும் விரிவாகப் பேசினார். அவர் பார்த்த மரத்துக்கும் என் சிறு வயதில் கரையில் கிடந்த மரத்துக்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த மரம் தன் குறை எதையும் ஒளிக்காது என்பதுதான் வாங்குகிறவருக்கு இருந்த பெரிய பாதுகாப்பு. கயிற்றை அவிழ்த்தால் எல்லாம் கண்முன்னால் தனித்தனியாகக் கிடக்கும். நீர் குடித்துப் பழசான கட்டை தூக்கும்போதே கனக்கும். புழு துளைத்த இடம் தெரியும். முனை உளுத்திருந்தால் விரல் நகமே சொல்லிவிடும். ஒரு கட்டை போனால் அதை மட்டும் மாற்றினால் போதும். இந்த வருஷம் நடுக்கட்டை, மீன்பாடு நன்றாக இருந்தால் அடுத்த வருஷம் பக்கக்கட்டை என்று குடும்பத்தின் வரவுக்குத் தக்கபடி மரமும் புதுசாகிக்கொண்டே இருக்கும். மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டியதில்லை. அலையில் கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம், கட்டை மூழ்காது. பாயும் துடுப்பும்தான் எஞ்சின் என்பதால் வெறுங்கையோடு திரும்பினாலும் நஷ்டம் உடம்பு உழைப்போடு நின்றது.

அந்தக் காலம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. கட்டுமரத்தில் போனவருக்கு இடுப்புக்குக் கீழே எப்போதும் ஈரம். ஐஸ் பெட்டி வைக்க இடமில்லை. காற்று மாறினால் எந்த ஊர்க் கரையில் ஒதுங்குவோம் என்று தெரியாது. அந்த வேலைக்கு மகனைத் திரும்ப அனுப்பச் சொன்னால் எந்தத் தகப்பனும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது.

மாற்றம் மெல்லத்தான் வந்தது. ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 1979இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. துறைமுகம் இல்லாத மணற்கரையில், அலை உடையும் இடத்திலேயே இறக்கி ஏற்றக்கூடிய சிறு படகுகளை அது வடிவமைத்துப் பார்த்தது. குமரி மாவட்டம் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டினார்கள். அப்புறம் கண்ணாடி இழைப் படகு, அதாவது பைபர், ஒவ்வொரு கரையாக ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டிருந்ததை 2004 டிசம்பர் 26 சுனாமி ஒரே காலையில் முடித்துவிட்டது. நம் பக்கத்து நல்லவாட்டில், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசித் தகவலை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மைய ஒலிபெருக்கியில் சொன்னதால் ஊர் சனம் ஓடித் தப்பியது. சனம் தப்பியது, கரையில் கிடந்த மரமும் படகும் வலையும் தப்பவில்லை. அதற்குப் பிறகு உதவி என்று வந்தது பெரும்பாலும் பைபர் படகுதான்.

இன்று விலைக்கு வரும் பல பழைய படகுகளின் கதை அந்த அவசரத்தில் தொடங்குகிறது. பைபர் படகு அச்சில் பிறப்பது. அச்சுக்கு மெழுகு தடவி, வண்ணப் பூச்சு அடித்து, அதன்மேல் இழைப் பாயை விரித்து ரெசின் ஊற்றி உருளையால் காற்றை வெளியேற்ற வேண்டும். கடைக்காரர் பாஷையில் மேட், ரோவிங் என்று மாறி மாறி அடுக்கு. ஓர் அடுக்கைக் குறைத்தாலும், காற்றுக் குமிழ் உள்ளே நின்றாலும் வெளியே பளபளப்பு குறையாது. ஏகப்பட்ட படகு உடனே வேண்டும் என்ற நிலையில் புதுப்புதுப் பட்டறைகள் முளைத்தன, அவற்றில் சில அடுக்கை ஒழுங்காகப் போடவில்லை. தரத்தைப் பற்றிய எச்சரிக்கைகள் அப்போதே எழுந்தன. பிறகு 2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே, ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே கரை கடந்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் வந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளமும் பாகூர்ப் பக்கம் ஏறியது. இப்படி ஒவ்வொன்றுக்கும் பிறகு அடிபட்ட படகுகளில் ஒட்டுப் போட்டு வண்ணம் அடிப்பார்கள். அடுத்து வாங்குகிறவர் அந்த வண்ணத்தைத்தான் பார்க்கிறார்.

பைபரில் இத்தனை ஒளிவு என்றால் வேறு பொருள் இல்லையா? அமெரிக்காவில் ஏரிக்கும் ஆற்றுக்கும் மீன் பிடிக்கப் போகிறவர்கள் குறைந்த பணத்தில் பழைய அலுமினியப் படகைத் தேடுவார்கள். இலேசானது, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம், ரிவிட் ஒழுகினால் அடைக்கலாம். நம் கரையில் ஏன் அது வரவில்லை என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மரப்படகின் அடிக்குச் செம்புத் தகட்டுக்குப் பதிலாக அலுமினியத் தகடு போட்டுப் பார்த்தது உண்டு. கடலுக்கு ஏற்ற அலுமினியக் கலவையும் இருக்கிறது. ஆனால் உப்பு நீரில் அதோடு வேறு உலோகம் ஒட்டிக் கிடந்தால் அரிப்பு வேகமாகும்; ஓட்டை விழுந்தால் ஆர்கான் வெல்டிங் தெரிந்த ஆள் வேண்டும். பைபரில் ஓட்டை விழுந்தால் ஒரு டின் ரெசின், கொஞ்சம் மேட், ஹார்ட்னர், ஒரு பிரஷ் போதும், அந்தக் கரையிலேயே சாயங்காலத்துக்குள் அடைத்துவிடலாம். சரிசெய்ய ஆள் இருக்கும் பொருளைத்தான் ஏழை வாங்க முடியும். அதனால் பைபரே சரி என்பது என் கருத்து. ஆனால் சாயங்காலத்துக்குள் அடைத்துவிடலாம் என்ற அதே வசதிதான் பழுதை மறைக்கவும் உதவுகிறது.

போன வருஷம் ஒரு படகை வாங்கும்போது பக்கத்தில் நின்றேன். வாங்க வந்த பையன் படகைச் சுற்றிச் சுற்றி வந்து வெளிப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தான். நீலமும் மஞ்சளுமாகப் புது பெயின்ட், அணியத்தில் அம்மன் படம். கூட வந்திருந்த பெரியவர் பைபர் வேலை தெரிந்தவர், அவனுக்குத் தாய்மாமன் முறை.

“வெளிய இன்னாத்தடா பாக்குற? உள்ள இறங்கு.”

“உள்ள ஒண்ணும் இல்ல மாமா, வெறும் அழுக்கு.”

“அழுக்குலதான்டா எல்லாம் இருக்கு.”

படகின் உள்பக்கத்துக்குப் பெரும்பாலும் வண்ணம் அடிப்பதில்லை. ஒட்டுப் போட்ட இடமெல்லாம் அங்கே தடித்துத் தெரிந்தது. ஒன்று சின்னது, பரவாயில்லை என்றார். இன்னொன்று பக்கவாட்டிலிருந்து அடிவரை இறங்கியது. அது எப்போதோ நடுவில் வாங்கிய அடி. பிறகு ஒரு திருப்புளியின் பிடியால் சாணுக்குச் சாண் தட்ட ஆரம்பித்தார். டங், டங், டங் என்று கணீரென்று வந்துகொண்டிருந்த சத்தம் எஞ்சின் பக்கம் போகப் போக ‘பொத்’தென்று செத்தது. அங்கே கரியால் வட்டம் போட்டார். அடுக்கு அடுக்காக ஒட்டியது உள்ளே விட்டுப்போயிருக்கிறது, நடுவே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் உட்காரும் மரக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். பைபருக்குள் புதைத்த மரம் உள்ளுக்குள் உளுத்தால் வெளியே தெரியாது, ஆட்டினால் மட்டும் நெளியும். நெளிந்தது.

அப்புறம் ஆட்களைக் கூப்பிட்டுப் படகைச் சாய்க்கச் சொன்னார். விற்பவருக்கு முகம் மாறிவிட்டது. கட்டுமரத்தைத் தோளில் தூக்கிப் போனதுபோல பைபர் படகைத் தூக்க முடியாது. கயிறு கட்டி டிராக்டரில் இழுக்கிறோம். தினமும் மணலில் தேயும் அடிப்பக்கம், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோலக் கரைந்துகொண்டே வரும். சாய்த்துப் பார்த்தால் நடு அடியில் வண்ணம் போய், ரெசின் போய், வெள்ளை வெள்ளையாக இழை நாராகத் தொங்கியது. பையன் விரலால் தொட்டான், குத்தியது, கையை உதறினான்.

“அண்ணே, அடிக்கு ஆவற செலவு, எஞ்சின் கட்டை செலவு ரெண்டையும் கழிச்சிக்கிட்டுச் சொல்லுங்க” என்றார் பெரியவர் விற்பவரிடம். குரலில் கோபம் இல்லை. விற்பவரும் கடனுக்காகத்தான் விற்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.

எஞ்சினைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை, பையன்களுக்கு அது நன்றாகவே தெரியும். நீள வால் போட்ட லம்பார்டினி டீசல் எஞ்சின் என்றால் போனதும் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை சுழற்றலில் பிடிக்கிறது, ஆயில் பால்போல வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் தண்ணீர் குடித்த எஞ்சின். வாங்குகிறவர்கள் செய்யும் தப்பு, நல்ல எஞ்சினைப் பார்த்து மயங்கிப் படகைப் பார்க்காமல் விட்டுவிடுவது. எஞ்சினைத் தனியாகக் கழற்றி மாற்றலாம், உடைந்த உடம்பை மாற்ற முடியாது.

காகிதம்தான் கட்டுமரக் காலத்தில் இல்லாத இன்னொரு தொல்லை. அன்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பணம் கை மாறினால் மரமும் கை மாறியது. 2008 நவம்பர் 26இல் மும்பையைத் தாக்கியவர்கள் ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கடத்தி வந்த பிறகு நாடு முழுவதும் படகுப் பதிவு கெடுபிடியானது. இருபுறமும் எழுதியிருக்கும் எண்ணும், மீன்வளத்துறையின் பதிவும், எஞ்சின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்றாமல் ஓட்டினால் நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் நிவாரணம் பழைய சொந்தக்காரர் பெயருக்குத்தான் போகும். மானியத்தில் வாங்கிய படகு என்றால் அதை விற்க என்ன நிபந்தனை என்று முதலில் துறையில் கேட்டுவிட வேண்டும்.

காகிதத்தில் வராத கடனும் ஒன்று உண்டு. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பிடிக்கும் மீனையெல்லாம் அவருக்கே கொடுப்பதாக ஒத்துக்கொண்டிருப்பார். படகு கை மாறியதும் வியாபாரி புதியவரைத் தேடி வருவார். கட்டுமரக் காலத்தில் படகுக்கு அன்றாடச் செலவு இல்லாததால் இந்தக் கண்ணி இத்தனை இறுகவில்லை. இன்று தினமும் டீசல் ஊற்றியாக வேண்டும், வெறும் வலையோடு திரும்பினாலும் ஊற்றியது ஊற்றியதுதான். அந்தப் பையனின் மனைவி கைக்குழந்தையோடு ஒதுங்கி நின்றிருந்தாள். பேரமெல்லாம் முடிந்த பிறகு அவள்தான் கேட்டாள்: “இது மேல யாருக்கு எவ்ளோ பாக்கின்னு பஞ்சாயத்தார் முன்னால சொல்லிடுங்க மாமா.” அன்று கேட்கப்பட்டதிலேயே முக்கியமான கேள்வி அதுதான்.

எனக்கு அரசிடம் ஒரு கோரிக்கை உண்டு. பைபர் தானாக மிதக்கும் பொருள் அல்ல. உள்ளே அடைத்துவைக்கும் நுரைதான் தண்ணீர் நிறைந்த படகைத் தாங்கிப் பிடிக்கிறது. பழைய படகுகளில் அந்த அறை உடைந்து நுரை தண்ணீர் குடித்துக் கிடக்கிறது. சிலவற்றில் வலை வைக்க இடம் வேண்டுமென்று பிடுங்கியே போட்டுவிட்டார்கள். கட்டுமரத்தில் போனவருக்குக் காலுக்குக் கீழே இருந்த கட்டையே உயிர்க்காப்பு. பத்து வருஷ வேனுக்கு எஃப்.சி. கேட்கிறோம். ஐந்து பேர் விடிகாலை இருட்டில் ஏறிப் போகும் படகு கை மாறும்போது நுரை இருக்கிறதா, அடி தேய்ந்திருக்கிறதா என்று மீன்வளத்துறை ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கலாம். பெயர் மாற்றத்துக்கு எப்படியும் மனு வருகிறது. அதோடு இதையும் சேர்ப்பது பெரிய செலவு இல்லை.

அதுவரை வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கையாவது நிறுத்தி வைத்து, கடலில் இறக்குவதற்கு முன்னால் அடிக்குப் புது மேட், எஞ்சினுக்குப் புதுக் கட்டை, நுரை அறைக்கு மூடி என்று செய்துவிட வேண்டும். அந்தப் பையன் அப்படித்தான் செய்தான். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நேரத்தில் சின்னப் படகு கொண்டுவரும் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். தடை தொடங்குவதற்குள் படகைத் தயார்செய்ய வேண்டுமென்று பெரியவரும் அவனும் பங்குனி வெயிலில் கீற்றுப் பந்தல் போட்டு அடிக்கு ரெசின் பூசினார்கள். அவனோடு போக நான்கு பேர் அதற்குள் பேசி முடிவாகியிருந்தார்கள்.