முப்பத்தேழாவது ஆண்டில் முதலிடம்

கேட் புஷ் எழுதிப் பாடிய ‘ரன்னிங் அப் தட் ஹில்’ 1985 ஆகஸ்டில் வெளிவந்தது. பிரிட்டனின் பாடல் தரவரிசையில் அது முதலிடம் பிடித்தது 2022 ஜூன் 17 அன்று. வந்த புதிதில் பிரிட்டனில் மூன்றாம் இடம்வரை போனது. அமெரிக்காவில் முப்பதோடு நின்றுவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பாட்டை யாரும் மறந்துவிடவில்லை. பிளாசிபோ குழுவினர் 2003இல் தங்கள் பாணியில் பாடினார்கள். 2012இல் லண்டன் ஒலிம்பிக்ஸ் நிறைவு விழாவையொட்டி வந்த புது வடிவம் ஆறாம் இடத்தைத் தொட்டது. ஆனால் உச்சிக்கு ஏற்றியது ஒரு தொடர்தான்: நெட்ஃபிளிக்ஸின் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’. அதன் நான்காம் சீசன் 2022 மே 27 அன்று வந்தது.

தொடர்களில் பழைய பாட்டு ஒலிப்பது புதிதல்ல. இதே சீசனில் பீச் பாய்ஸ் வருகிறார்கள், மியூசிக்கல் யூத் வருகிறார்கள். அவர்களுக்கு இப்படி நடக்கவில்லை. வித்தியாசம் பாட்டைக் கதைக்குள் வைத்த விதத்தில் இருக்கிறது.

கதை நடப்பது 1986இல். மேக்ஸ் என்ற பள்ளிச் சிறுமி, தாயின் மறுமணத்தால் அண்ணன் முறையான பில்லி கண்ணெதிரே செத்ததிலிருந்து யாரோடும் ஒட்டாமல் திரிகிறாள். முதல் எபிசோடிலேயே பள்ளி வராந்தாவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இந்தப் பாட்டைக் கேட்டபடி நடக்கிறாள். அப்போது அது சும்மா ஒரு பாட்டு. நான்காம் எபிசோடில், பில்லியின் கல்லறை முன் உட்கார்ந்திருக்கும்போது வெக்னா என்ற அரக்கன் அவள் மனத்துக்குள் புகுந்துவிடுகிறான். பிடித்த பாட்டைக் கேட்டால் மீளலாம் என்று நண்பர்களுக்குத் தெரியவருகிறது. கேசட்டுகளைக் கொட்டித் தேடுகிறார்கள், ஒன்றை வாக்மேனில் திணிக்கிறார்கள், ஹெட்போனை அவள் காதில் வைக்கிறார்கள். அவள் உடல் அந்தரத்தில் எழும்புகிறது. மனத்துக்குள் ஒரு வாசல் திறக்கிறது. அதை நோக்கி ஓடுகிறாள். பாட்டு நின்றால் பெண் சாவாள் என்ற நிலையில் பார்ப்பவர் அதைக் காதால் மட்டுமா கேட்பார்? போதாததற்கு, பாட்டின் பொருளும் பொருந்துகிறது. ஆணும் பெண்ணும் கடவுளிடம் பேரம் பேசி ஒருவர் இடத்தில் மற்றவர் நின்று பார்க்க முடிந்தால் எப்படியிருக்கும் என்பதுதான் புஷ் எழுதியது. அண்ணனுக்குப் பதில் தான் போயிருக்கலாமோ என்று குமைகிற பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும்! இந்த வெற்றியில் பாதிப் பெருமையை நான் கதை எழுதியவர்களுக்கே கொடுப்பேன்.

மீதிப் பாதி திரைக்கு வெளியே. ஒரு பாட்டைத் தொடரில் சேர்க்க இரண்டு அனுமதி வேண்டும்: பாடலை இயற்றியதற்கான உரிமை ஒருபக்கம், அந்த ஒலிப்பதிவின் உரிமை இன்னொருபக்கம். இரண்டு தரப்பும் தலையசைக்க வேண்டும். தொடரின் இசைத் தேர்வாளர் நோரா ஃபெல்டர், பாட்டு வரும் காட்சிகளின் பக்கங்களையே புஷ்ஷுக்கு அனுப்பினார். எளிதில் சம்மதிக்காதவர் என்று பெயரெடுத்த புஷ், ஏற்கெனவே இந்தத் தொடரை விரும்பிப் பார்ப்பவராக இருந்தது அதிர்ஷ்டம்.

அடுத்தது கேட்பவரின் வசதி. 1980களில் பிரிட்டனில் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரங்களும் பழைய பாட்டுகளை மேலே ஏற்றும் இதே வேலையைச் செய்தன. பென் ஈ. கிங் 1961இல் வெளியிட்ட ‘ஸ்டாண்ட் பை மீ’, அதே பெயரில் வந்த படமும் லீவைஸ் விளம்பரமும் சேர்ந்து தள்ள, 1987இல் அங்கே முதலிடத்துக்கு வந்தது. ஆனால் அப்போது இசை நிறுவனம் இசைத்தட்டை மறுபடி அச்சிட்டுக் கடைக்கு அனுப்பவேண்டும், ரசிகர் கடைக்குப் போகவேண்டும். இப்போது காட்சி முடிவதற்குள் கைபேசியில் பாட்டு வந்துவிடுகிறது. டிக்டாக்கில் அதை வைத்து வீடியோ போடுகிறார்கள், தொடரைப் பார்க்காதவரும் பாட்டைத் தேடிப் போகிறார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், பலர் கவனிக்காதது இது. முன்பெல்லாம் தரவரிசை என்றால் விற்பனைக் கணக்கு. வாங்கிய தட்டை வீட்டில் ஆயிரம் தடவை போட்டாலும் யாரும் எண்ணப்போவதில்லை. பிரிட்டனில் 2014 முதல் ஆன்லைனில் கேட்பதும் சேர்கிறது. அதிலும் பழைய பாட்டுக்கு ஒரு தண்டனை உண்டு: கட்டணம் செலுத்துபவர்கள் புதுப் பாட்டை 100 முறை கேட்டால் ஒரு விற்பனை, பழையதை 200 முறை கேட்டால்தான் ஒன்று. இந்த விதியோடு புஷ்ஷின் பாட்டு ஹாரி ஸ்டைல்ஸின் ‘ஆஸ் இட் வாஸ்’ஸுக்குப் பின்னால் இரண்டாம் இடத்தில் நின்றது. தரவரிசையை நடத்தும் நிறுவனம் விலக்கு அளித்து, புதுப் பாட்டுபோலவே எண்ணத் தொடங்கிய பிறகுதான் முதலிடம் வந்தது. அப்போது புஷ்ஷுக்கு வயது 63; அவருடைய முந்தைய முதலிடம் 1978இல், ‘வுதரிங் ஹைட்ஸ்’.

அதே சீசனின் கடைசி எபிசோடில், வௌவால் கூட்டத்தைத் தன் பக்கம் இழுக்க எடி என்ற பாத்திரம் மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ஸை கிட்டாரில் வாசிக்கிறான். அங்கேயும் பாட்டுக்குக் கதையில் ஒரு வேலை இருந்தது. 1986இல் வந்த அந்தப் பாட்டு அமெரிக்காவின் முதல் நாற்பதுக்குள் முதன்முறையாக நுழைந்தது.

ஆனால் தொடரில் ஒலிக்காத பாட்டும் உயிர்பெறலாம். 2022 நவம்பரில் வந்த ‘வென்ஸ்டே’ தொடரில் நாயகி ஆடியது தி கிராம்ப்ஸ் குழுவின் ‘கூ கூ மக்’ பாட்டுக்கு. டிக்டாக் ரசிகர்கள் அந்த ஆட்டத்தின் மேல் லேடி காகாவின் ‘பிளடி மேரி’யை வேகம் கூட்டி ஒட்டினார்கள். காகாவும் அதே ஆட்டத்தை ஆடி வீடியோ போட்டார். 2011இல் வந்த ஆல்பத்தில் ஒரு ஓரமாகக் கிடந்த பாட்டு அது. அவருடைய நிறுவனம் அதைப் புதுப் பாட்டுபோல வானொலிகளுக்கு அனுப்பிவைத்தது.